பூங்காவில் விருந்து, பிரஷ்ஷும் எடுத்து வாருங்கள்

குழு: பொன்னம்மாள் பேரப்பிள்ளைகள்

கயல்விழி, காலை 7:10
பெரியப்பா, அலுவலக வேலையாக அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமுக்கு வந்திருக்கிறேன். நேற்று மாலை கெல்லி இங்ராம் பூங்காவுக்குப் போனேன். நடைபாதையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் உலோக நாய்கள் பல்லைக் காட்டிப் பாய்கின்றன. அவற்றுக்கு நடுவே புகுந்துதான் கடக்க வேண்டும். இன்னோரிடத்தில் சிறைக் கம்பிகளோடு ஒரு சிறுவனும் சிறுமியும் சிலையாக நிற்கிறார்கள். 1963 மே 2 அன்று நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவு அது. அந்தப் பிள்ளைகளை அழைத்தவர்களில் வானொலி அறிவிப்பாளர்களும் உண்டு.

பெரியப்பா, காலை 7:24
வெளிப்படையாக அழைத்திருந்தால் காவல்துறை விட்டு வைத்திருக்காதே, அம்மா. எப்படி அழைத்தார்கள்?

கயல்விழி, காலை 7:31
குறிப்பாகத்தான், பெரியப்பா. ஷெல்லி ஸ்டூவர்ட், டால் பால் ஒயிட் ஆகிய இருவரும் பாட்டுக்குப் பாட்டு இடையில், பூங்காவில் விருந்து இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்து வாருங்கள் என்றார்கள். விருந்துக்கு எதற்கு பிரஷ்? இரவு சிறையில் தங்க நேரும் என்பதே அதன் பொருள். பிள்ளைகளுக்கு அது புரிந்தது. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்; மறுநாள் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார்கள்.

இளங்கோ, காலை 7:40
பாட்டுப் போடுகிறவர் சொன்னார் என்பதற்காகவா சிறைக்குப் போகத் துணிந்தார்கள், அக்கா?

கயல்விழி, காலை 8:02
தேவாலயங்களில் நடந்த கூட்டங்களும் பயிற்சியும் அவர்களை ஏற்கெனவே தயார் செய்திருந்தன, தம்பி. ஆனால் வானொலிக் குரலை அவர்கள் நம்பியதற்கு நீண்ட கதை உண்டு. சிகாகோவில் ஜாக் கூப்பர் 1929-இல் கறுப்பின மக்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இடத்தில் உறவைத் தொலைத்தவர்களுக்காகப் பின்னாளில் அவர் காணாமற்போனோர் அறிவிப்பும் நடத்தினார். அதனால் ஆயிரக்கணக்கானோர் சொந்தங்களைக் கண்டுபிடித்தார்கள். அண்ணன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று கண்டுபிடித்துக் கொடுத்த குரலை ஒரு குடும்பம் எப்படி மறக்கும்?

மெம்பிஸில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர் இருந்தார். 1948 அக்டோபரில் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி நிலையத்தில் முதன்முறையாக ஒலிவாங்கிமுன் உட்கார்ந்தபோது, பேச நினைத்ததெல்லாம் மறந்துபோய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே பிறகு அவருடைய அடையாளமாயிற்று. பள்ளி வேலையை அவர் விடவில்லை. அவர் குரலைக் கேட்ட வீடுகளில் பலவற்றின் பிள்ளைகள் அவரிடமே படித்தவர்கள். 1954-இல் அந்த நிலையம் 50,000 வாட் ஆற்றல் பெற்ற பின், நாட்டின் கறுப்பின மக்களில் பத்தில் ஒருவருக்கு அது எட்டியது என்பார்கள். தொலைந்த பொருள், காணாமற்போன ஆள் என்று வந்த வேண்டுகோளையெல்லாம் வாசித்தார்கள். நிதி திரட்டி, நடக்க முடியாத பிள்ளைகள் பள்ளிக்குப் போக பேருந்து விட்டார்கள். இப்படி அன்றாடம் செய்த சிறு உதவிகள்தாம் நெருக்கடியில் கைகொடுத்தன என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியப்பா, காலை 8:15
நிலையங்களின் உரிமை யார் கையில் இருந்தது?

கயல்விழி, காலை 8:21
பெரும்பாலும் வெள்ளையர் கையில்தான். மெம்பிஸ் நிலையமும் அப்படியே. அதனால் அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு சொல்லையும் அளந்தே பேச வேண்டியிருந்தது. அட்லாண்டாவில் 1949-இல் ஜெஸ்ஸி பிளேட்டன் வாங்கிய டபிள்யூ.இ.ஆர்.டி.தான் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் நிலையம். கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கியது. கிங் ஏதேனும் அறிவிக்க விரும்பினால் துடைப்பக் கட்டையால் மேற்கூரையைத் தட்டுவாராம். மாடியிலிருந்து ஜன்னல் வழியே ஒலிவாங்கி இறங்கி வருமாம். இதை இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

இளங்கோ, காலை 8:26
கலவரக் காலங்களில் இவர்கள் என்ன செய்தார்கள், அக்கா?

கயல்விழி, காலை 8:34
1967-இல் டெட்ராய்ட் பற்றி எரிந்தபோது, மெம்பிஸில் தொடங்கி அங்கே சென்றிருந்த மார்த்தா ஜீன் ஸ்டைன்பெர்க் 48 மணி நேரம் ஒலிபரப்பிலேயே இருந்து, மக்களை அமைதி காக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டாவில் கூடிய அறிவிப்பாளர்களிடம், அவர்கள் இல்லாமல் இயக்கம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்ற பொருள்பட கிங் நன்றி சொன்னார். எட்டு மாதத்தில் அவர் கொல்லப்பட்டார். அந்த இரவுகளிலும் துயரத்தையும் கோபத்தையும் தாங்கிப் பேசியவர்கள் இவர்களே.

அத்தை, காலை 8:50
கயல், பிரஷ் என்ற சொல் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் புரிந்திருக்குமா?

கயல்விழி, காலை 8:58
ஊர்வலத்தில் போனால் பெரியவர்களுக்கு வேலை போய்விடும், அத்தை. பிள்ளைகள் முன்னே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். போகக்கூடாது என்று தடுத்த பெற்றோரும் இருந்தார்கள். ஆனால் அதே வானொலி அவர்களுடைய சமையலறையிலும் பாடிக்கொண்டுதானே இருந்தது.