பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றிய கொள்கை உறுப்பினர்களுடையதாகுமா?

மணற்பாதை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாவட்டத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சங்கம் ஒன்றில் மூன்றாண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சங்கம். உறுப்பினர்கள் முந்நூற்றுக்குச் சற்று மேல். பாதிக்கு மேற்பட்டோர் என்னைப் போல இளம்பிள்ளைவாதத்தாலோ விபத்தாலோ கால் பாதிக்கப்பட்டவர்கள். பார்வையற்றோர், காது கேளாதோர், அறிவுசார் குறைபாடுள்ளோரின் பெற்றோர் ஆகியோரும் இருக்கிறார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஆண்டுப் பொதுக்குழுவில், அடுத்த ஐந்தாண்டுகளுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை நிறைவேற்றினோம். வேலைவாய்ப்பு, பராமரிப்பு உதவித்தொகை, தடையற்ற சூழல், கல்வி என்று நான்கு பகுதிகள். செயற்குழு உறுப்பினர்கள் நால்வர் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து எழுதியது அது. கூட்டத்தில் இருபது நிமிடம் வாசித்தோம்; எதிர்ப்பில்லை; கைதட்டலுடன் நிறைவேறியது. உணவு இடைவேளையில் காது கேளாத உறுப்பினர் ஒருவர் அழைப்பிதழின் பின்பக்கத்தில் இப்படி எழுதிக் காட்டினார்: "எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்கு?"

அன்று மாலை அறிக்கையை மறுபடி படித்தேன். ஆட்சியர் அலுவலகத்துச் சாய்தளம் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. பேருந்தே நில்லாத ஊரில் வாழும் உறுப்பினருக்கு ஒரு வரி இல்லை. எழுதிய நால்வரிடமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறிக்கையை இன்னும் எந்த அலுவலகத்திலும் கொடுக்கவில்லை. உறுப்பினர்களை உண்மையாகவே ஈடுபடுத்தி இதை மறுபடி எழுத வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது? இதைச் செய்து பார்த்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

ஆறுபுள்ளி:

செயலாளர் அவர்களுக்கு, தவற்றை உணர்ந்து அறிக்கையைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்தது. நான் பிறவியிலேயே பார்வையற்றவன்; வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன்; மூன்று சங்கங்களில் உறுப்பினராக இருந்து இரண்டிலிருந்து விலகியவன்.

முதலில் சட்ட நிலையைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். துணைவிதியைத் திருத்த வேண்டுமானால் சிறப்புத் தீர்மானமும் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். கொள்கை அறிக்கை துணைவிதியின் பகுதியன்று என்பதால் அதைச் சாதாரணத் தீர்மானத்தாலேயே திரும்பப் பெற்று மறுபடி விவாதிக்கலாம். ஆனால் கொள்கையை யார் முன்மொழியலாம், வரைவை எத்தனை நாளுக்கு முன்பு அனுப்ப வேண்டும் என்ற நடைமுறையைத் துணைவிதிக்குள் எழுதிவிடுவதுதான் நல்லது. இல்லையென்றால் அடுத்த செயலாளர் வேறொரு திண்ணையில் அமர்ந்து எழுதுவார்.

அமெரிக்காவில் 1940இல் தொடங்கிய தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். அங்கு ஆண்டு மாநாடே உச்ச அதிகாரம் கொண்டது. அமைப்பின் நிலைப்பாடுகள் தீர்மானங்களாக எழுதப்பட்டு, குழுவொன்றின் ஆய்வுக்குப் பின் மாநாட்டில் வாசிக்கப்பட்டு, விவாதித்து வாக்கெடுக்கப்படுகின்றன. இதைப் பொற்காலக் கதையாகச் சொல்லவில்லை. தலைமையிடம் அதிகாரம் எவ்வளவு குவியலாம் என்ற சண்டையில்தான் அந்த அமைப்பு உடைந்து, 1961இல் அமெரிக்கப் பார்வையற்றோர் மன்றம் தனியே உருவானது. மாநாடும் வாக்கெடுப்பும் இருந்த இடத்திலேயே அந்தச் சண்டை வந்ததென்றால், இருபது நிமிட வாசிப்பை மட்டும் நம்பியிருக்கும் நாம் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும்.

இனி, வரைவு எந்த வடிவில் வருகிறது என்பது. சங்கங்கள் எனக்கு அனுப்பும் ஆவணங்களில் பெரும்பாலானவை தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவை. என் திரைவாசிப்பான் அவற்றில் "படம்" என்ற ஒரு சொல்லைத்தான் படிக்கும். தட்டச்சு செய்தவையோ பழைய எழுத்துருவில் இருக்கும். அவற்றைக் கேட்டால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து பேய் பேசுவது போலிருக்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்து சாதாரண உரையாக அனுப்பினால் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் தமிழைத் தடையின்றிப் படித்துவிடும். கைப்பேசியில் வாசிக்கப் பழகாத மூத்தவர்களுக்கு நீங்களே நிதானமாக வாசித்து, பகுதிக்கு ஒன்றாக நான்கு குரல் பதிவுகள் அனுப்புங்கள். இதற்குப் பணம் எதுவும் ஆகாது. குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே அனுப்புங்கள், ஏனெனில் நாங்கள் கேட்டுவிட்டு எங்களுக்குள் பேச வேண்டும்.

விரல்மொழி:

என் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். நான் சைகைமொழி பெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன். அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியவரை நான் அறியேன், ஆனால் என் அப்பாவை அறிவேன். கூட்டங்களில் அவரும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத்தான் கை தட்டுவார்.

ஆறுபுள்ளி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் காது கேளாதவர்களுக்குப் போதுமென்று பலர் எண்ணுகிறார்கள். பிறவியிலேயே கேட்காதவர்களில் பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பின்னர், அதுவும் அரைகுறையாகக் கற்பிக்கப்பட்ட இரண்டாம் மொழி. "ஒருங்கிணைந்த மறுவாழ்வுச் சேவைகளை உறுதிசெய்ய வலியுறுத்துதல்" என்று ஒரு வரி உங்கள் அறிக்கையிலும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைச் சைகையில் சொல்ல முயன்றால், அதற்குள் எந்தச் செயலும் இல்லை என்பது மொழிபெயர்க்கும்போதே தெரிந்துவிடும். வரைவைச் சைகைமொழிக் காணொளியாக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே செய்தால், தமிழ் வரைவும் தெளிவாகும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கூட்டத்திற்கு இரண்டு பெயர்ப்பாளர்கள் வேண்டும். ஒருவரே ஒரு மணி நேரம் தொடர்ந்து செய்தால் கையை விட மூளை முதலில் களைத்துப்போகும்; அரைமணிக்குள் மாறிக்கொள்ள வேண்டும். தலைமையில் இருப்பவர் ஒருவர் பேசி முடித்த பின்பே அடுத்தவரை அழைக்க வேண்டும். கேள்வி கேட்டதும் உடனே "எதிர்ப்பு இல்லையே?" என்று முடித்துவிடாதீர்கள், சைகைமொழியில் கேள்வி போய்ச் சேரவே சில நொடிகள் ஆகும். நிறைவேறிய தீர்மானங்களில் எத்தனை அந்தச் சில நொடிகளுக்குள் நிறைவேறியவை என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

ஊன்றுகோல்:

நண்பர்கள் சொல்வது அனைத்தும் சரி, ஆனால் இரண்டு விஷயங்களில் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாவற்றையும் உறுப்பினர்களிடம் கேட்டுத்தான் செய்வது என்றால் அரசு காத்திருக்காது என்பது ஒன்று. 2020 ஜூலையை நினைத்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் சிலவற்றைத் தளர்த்தும் முன்மொழிவு ஒன்றை ஒன்றிய அரசு வெளியிட்டு, கருத்துச் சொல்லப் பத்து நாள் அளவே அவகாசம் கொடுத்தது. ஊரடங்குக் காலம், கூட்டம் கூட்ட வழியில்லை. நாடு முழுவதும் அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. அன்று யாராவது மூன்று வாரம் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும்? அவசரத்தில் செயற்குழு பேசத்தான் வேண்டும். பேசியதை முப்பது நாளுக்குள் உறுப்பினர்கள் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று விதி எழுதிக்கொள்ளலாம்.

மற்றொன்று, பெற்றோர் வாக்கு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பின் மூன்றாம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளை அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்புகள் வழியாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. எது அத்தகைய அமைப்பு என்பதை அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட 7ஆம் பொதுக்கருத்து விளக்குகிறது: மாற்றுத்திறனாளிகளே தலைமையேற்று நடத்துவதாகவும், உறுப்பினர்களில் தெளிவான பெரும்பான்மையினர் அவர்களாகவும் இருக்க வேண்டும். உலக மறுவாழ்வு அமைப்பின் 1980ஆம் ஆண்டு வின்னிபெக் மாநாட்டில், பேராளர்களில் பாதிப்பேர் ஊனமுற்றோராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை தோற்கடிக்கப்பட்டதும்தான், அங்கிருந்தவர்கள் வெளியேறி மறு ஆண்டு சிங்கப்பூரில் தங்களுக்கென உலக அமைப்பைத் தொடங்கினார்கள். மருத்துவரும் ஆசிரியரும் பெற்றோரும் நமக்காகப் பேசிய காலம் போதும். பெற்றோர் ஆலோசகராக இருக்கட்டும், வாக்கு வேண்டாம்.

செழியனின் அம்மா:

ஊன்றுகோல் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதக்கூடாது என்பதற்காகத்தான்.

என் மகனுக்கு இருபத்தாறு வயது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. அவன் சார்பில் நான் பதினைந்து ஆண்டுகளாகச் சங்கக் கூட்டங்களில் வாக்களித்து வருகிறேன். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்டக் குழு எனக்குப் பாதுகாவலர் சான்று கொடுத்திருக்கிறது. என் வாக்கை எடுத்துவிட்டால் செழியனுடைய குரல் அந்த அறையில் எங்கே இருக்கும் என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் சங்கத்தில் இளைஞர்களுக்கான பகல்நேர மையம் பற்றி விவாதம் வந்தது. மையம் வீட்டிலிருந்து தொலைவில் இருந்தாலும் பரவாயில்லை, மாலை ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று பெற்றோர் அனைவரும் ஒரே குரலில் கேட்டோம். பயிற்றுநர் ஒருவர் எங்கள் பிள்ளைகளிடமே படங்களை வைத்துக் கேட்டார்: சமையல், தோட்டம், கடைவீதி, பேருந்து, தொலைக்காட்சி. செழியன் கடைவீதிப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திருப்பிக் கேட்டும் தரவில்லை. அவனோடு இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வெளியே போகும் படங்களைத்தான் எடுத்தார்கள். நாங்கள் கேட்டது எங்கள் ஓய்வுக்கான மையம். அதில் தவறில்லை, எங்களுக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் அதை அவர்களுடைய கோரிக்கை என்று எழுதி வைத்திருந்தோம்.

ஆகவே பெற்றோருக்கு வாக்கு வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். பெற்றோரின் வாக்கு பெற்றோரின் வாக்காகவே எண்ணப்பட வேண்டும் என்பதை ஏற்கிறேன். 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவு மற்ற எவரையும் போன்ற சட்டத் தகுதி எங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் சேர்ந்து முடிவெடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. சேர்ந்து என்ற அந்தச் சொல்லை நாங்கள் பதினைந்து ஆண்டுகள் படிக்காமலே கடந்திருக்கிறோம். பராமரிப்போருக்குத் தனி அணி, தனிக் கோரிக்கைப் பட்டியல். பிள்ளைகளுக்குப் படங்களும் எளிய வாக்கியங்களும் கொண்ட தனி அமர்வு, அதில் பெற்றோர் அறைக்கு வெளியே. வெளியே உட்கார்ந்திருப்பது எளிதன்று. என்னை இருமுறை எழுந்து எட்டிப் பார்க்க வைத்தது.

ஊன்றுகோல்:

அம்மா, "பெற்றோரின் வாக்காகவே எண்ணப்பட வேண்டும்" என்று நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். என் வாதத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். பேசவோ படம் எடுத்துக் காட்டவோ இயலாதவர்களின் விருப்பத்தை எப்படி அறிவது என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆறுபுள்ளி:

கூட்டத்திற்கு வரவே இயலாதவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் ஒரு சொல். பிரிட்டனில் 1972இல், முன்பு காப்பகமொன்றில் வாழ்ந்த பால் ஹன்ட் என்பவர் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து யூபியாஸ் என்ற உடல் ஊனமுற்றோர் அமைப்பு பிறந்தது. உறுப்பினர்களில் பலர் காப்பகங்களை விட்டு எளிதில் வெளிவர இயலாதவர்கள். ஆகவே அவர்கள் தங்களுக்குள் மட்டும் சுற்றுக்கு விட்ட மடல்களில் எழுதி எழுதியே வாதிட்டார்கள்; ஒருவர் கருத்துக்கு மற்றொருவர் மறுப்பு அடுத்த சுற்றில் வரும். 1974 டிசம்பரில்தான் கொள்கை அறிக்கை ஏற்கப்பட்டது. 1976இல் திருத்தவும் செய்தார்கள். காப்பக நிர்வாகத்தின் கண்ணில் படாமல் பேச வேண்டும் என்பதாலேயே அந்த மடல்கள் மறைவாகச் சுற்றின. நம் உறுப்பினர்களிலும் வீட்டாருக்கு முன்னால் பேச இயலாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குரல் பதிவாகப் பதில் சொல்லவும் பெயர் வெளியிடாமல் சொல்லவும் வழி வேண்டும். நேரில் கூட்டம் வைத்தால் கீழ்த்தள அறை, பயன்படுத்தத்தக்க கழிப்பறை, கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடிவு; இவற்றை நீங்கள் அறிவீர்கள்.

மணற்பாதை:

அனைவருக்கும் நன்றி. செயற்குழுவில் நேற்று இதை வைத்தேன். நிறைவேற்றிய தீர்மானத்தை நிறுத்திவைத்து, அறிக்கையை வரைவு என்றே மறுபெயரிட்டுவிட்டோம். ஒரு தோழர் இதனால் சங்கத்தின் மானம் போகும் என்று வருந்தினார். நால்வர் குழுவைக் கலைத்து எழுவர் குழு அமைக்கிறோம். காது கேளாதோர் சார்பில் வருபவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். மேலும் ஸ்கூட்டர் இல்லாத இருவராவது குழுவில் இருப்பார்கள். ஊன்றுகோல் சொன்ன முப்பது நாள் விதியையும் துணைவிதித் திருத்தத்தில் சேர்க்கிறோம். இரண்டு பெயர்ப்பாளர்களுக்கான செலவு எங்கள் ஓராண்டுச் சந்தா வரவில் பெரும்பகுதியை விழுங்கும். மேடை அலங்காரம், சால்வை, நினைவுப் பரிசு ஆகியவற்றை நிறுத்தினால் அதில் பாதி கிடைத்துவிடும் என்று பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இதற்கிடையில் மற்றொரு சிக்கல். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் 2025இல் தமிழகத்தில் வந்ததிலிருந்து, சங்கம் யாருடைய பெயர்களைப் பரிந்துரைக்கப் போகிறது என்று தினமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். செயற்குழுவில் மூவருக்கு அந்த ஆசை இருக்கிறது. எனக்கும் சற்று இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பரிந்துரைப் பட்டியலை ஒன்றியவாரியாக உறுப்பினர்களின் இரகசிய வாக்கெடுப்புக்கு விட எண்ணுகிறோம். பார்வையற்ற உறுப்பினர் உதவியாளரின்றித் தனியாக வாக்களிக்கும்படி சீட்டைச் செலவில்லாமல் எப்படி அமைப்பது என்று ஆறுபுள்ளி ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆறுபுள்ளி:

தடித்த அட்டையில், வேட்பாளருக்கு ஒன்றாக ஓரத்தில் துளைகள் இட்டு ஒரு வார்ப்பு செய்யுங்கள். சீட்டை அதற்குள் செருகினால் முதல் துளை முதல் பெயர், இரண்டாவது துளை இரண்டாவது பெயர். பெயர்களின் வரிசையை முன்கூட்டியே குரல் பதிவில் அனுப்பிவிடுங்கள். பிரெயில் அறிந்தவர்களுக்குத் துளையருகே எண்ணைக் குத்திவையுங்கள். அனைவருக்கும் அதே அட்டையையே கொடுங்கள், எங்களுடைய சீட்டு மட்டும் தனியாகத் தெரியக்கூடாது. அட்டையை வெட்டி முடித்ததும் முதலில் எங்களில் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.