பார்க்கின்சன்: கை நடுக்கத்தைத் தாண்டி நீங்கள் கவனித்தது என்ன?

அப்பாவுடன் இருக்கும் மகள்

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "நடுக்கம் கூடியிருக்கா?" என்பதுதான். நரம்பியல் டாக்டரோ கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு கேள்விகளுக்குப் போய்விடுகிறார். நடக்கும்போது தடுமாறுகிறாரா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, இல்லாத ஆள் இருப்பதாகச் சொல்கிறாரா?

ஏன் என்று கேட்டேன். நடுக்கம் பிரதானமாக இருப்பவர்களுக்கு நோய் பொதுவாக மெதுவாகத்தான் முற்றுமாம். ஆரம்பத்திலேயே நடையும் சமநிலையும் கெடுபவர்களுக்கும், நினைவு குழம்புகிறவர்களுக்கும்தான் ஆயுள் குறையும் வாய்ப்பு அதிகம் என்றார். எத்தனை வருஷம் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதே. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-இல் நோய் தெரிந்தது, 2016 வரை இருந்தார். ஒருவருடைய கணக்கை வைத்து இன்னொருவருக்கு நாள் குறிக்க முடியாது.

உங்கள் வீட்டில் எது முதலில் மாறியது?

கணவரைக் கவனித்துக்கொள்ளும் மனைவி

இவருக்கு நடுக்கமே கிடையாது. உடல் இறுக்கம், எல்லாவற்றிலும் தாமதம், அவ்வளவுதான். முதலில் தாழ்ந்தது குரல். அப்புறம் வாயோரம் எச்சில் நின்றது. மாத்திரை விழுங்கியாகிவிட்டது என்று நினைப்போம், அது நாக்கின் அடியில் இருக்கும். தண்ணீர் குடித்தபின் பேசினால் தொண்டையில் ஏதோ தங்கியிருப்பதுபோல் களகளவென்று கேட்கும். ஆனால் இருமவே மாட்டார். ஒருநாள் காய்ச்சல் வந்து எக்ஸ்ரே எடுத்தபோது நிமோனியா என்றார்கள்.

குடித்தது மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இந்த நோயில் சிலருக்கு இருமல் வராதாம். ஸ்பீச் தெரபிஸ்ட் விளக்கினார். இந்த நோய் உள்ளவர்களின் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் இப்படி வரும் நிமோனியாவும் ஒன்று. அதைக் கேட்டபின் சாப்பாட்டு நேரம் எனக்குச் சாதாரண நேரமாக இல்லை. நிமிர்ந்து உட்கார வைக்கிறேன். மாத்திரை வேலை செய்து உடல் இளகியிருக்கும் நேரமாகப் பார்த்து ஊட்டுகிறேன். ஒரு வாய் உள்ளே போய்விட்டது என்று தெரிந்த பிறகே அடுத்தது. வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் முக்கியம், அங்குள்ள கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது. தயவுசெய்து இருமலுக்காகக் காத்திருக்காதீர்கள். குரல் மாறினாலே விழுங்குதலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்

நாங்கள் நோயாளிக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். ஓரிரு அடி பின்வைத்துச் சமாளித்தால் சரி. அப்படியே சாய்ந்தால் சமநிலை போய்விட்டது என்று அர்த்தம். (வீட்டில் இதைச் செய்யாதீர்கள்.) நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் ஹோன்-யார் (Hoehn-Yahr) அளவுகோலில் அது மூன்றாம் நிலை. அதை உருவாக்கிய அந்த இரு மருத்துவர்களும் 1967-இல் எழுதிய கட்டுரையில், இந்த நோய்க்கு இப்போது முக்கியமாகத் தரும் மருந்தான லெவோடோபா புழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில் நோயாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு என்று பதிவு செய்தார்கள். லெவோடோபா வந்தபின் நிலைமை எவ்வளவோ மேம்பட்டது. ஆனால் அந்த மாத்திரை இறுக்கத்தைத் தளர்த்துகிற அளவுக்குச் சமநிலையைச் சீர்செய்வதில்லை. அதற்குப் பயிற்சிதான் வேண்டும். எழுந்தவுடன் தலை சுற்றினால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களை மீட்பது எத்தனை கஷ்டம் என்று தினமும் பார்க்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகன்

அம்மாவுக்கு மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். மெல்ல மெல்ல வந்த மாற்றம் அது. ஒரே இரவில் குழப்பம் கூடியபோது மட்டும் காரணம் வேறாக இருந்தது, சிறுநீர்த் தொற்று. அதைக் குணப்படுத்தியதும் பழைய நிலைக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். லெவோடோபாவை வழக்கமான நேரத்துக்கே தரவேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது. குழப்பத்துக்கு ஹாலோபெரிடால், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் இந்த நோயாளிகளுக்கு ஆகாது, இறுக்கத்தைக் கூட்டிவிடும். ஒரு தாளில் எழுதி மருந்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். டூட்டி மாறும்போதெல்லாம் புதிதாக வரும் நர்ஸிடம் அதைக் காட்டிவிடுவேன்.