காட்பாடியில் வீட்டு இட்லி மாவு வியாபாரம்: பை உப்புகிறது, கணக்கும் இடிக்கிறது

காட்பாடிவாசி:
வணக்கம். காந்தி நகரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துத் தினம் 10 கிலோ விற்கலாம் என்று இருக்கிறேன். கையில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரும் வீட்டு ஃப்ரிட்ஜும்தான். 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உருட்டு உளுந்து போட்டு, ராத்திரி புளிக்க வைத்துக் காலையில் பையில் அடைத்தேன். மதியத்துக்குள் பை பந்தாக உப்பிவிட்டது. அரிசி 45 ரூபாய், உளுந்து 140. மளிகைக் கடையில் கிலோ 45க்குக் கேட்கிறார்கள். கட்டுமா? எங்கே தப்பு?

ஆற்காட்டுக் கிச்சிலி:
தப்பு மாவில் இல்லைங்க, பையில் அடைத்த நேரத்தில். பொங்கின மாவை அடைத்தால் உள்ளே காற்று வந்துகொண்டேதான் இருக்கும். அரைத்த மாவில் உப்புப் போட்டுக் கலந்து, புளிக்கும் முன்பே அடைத்து உடனே குளிர வையுங்கள். "ராத்திரி வெளியே எடுத்து வைக்கவும்" என்று பையிலேயே எழுதிவிடுங்கள். நம்ம ஊர் கத்திரி வெயிலில் 5, 6 மணி நேரம் போதும்; மார்கழியில் 10, 12 கூட ஆகும்.

வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி 10 கிலோவை ஒரே குண்டானில் வைக்காதீர்கள். ஓரம் சில்லென்று இருக்கும், நடுவில் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கேதான் புளிப்பு ஓடும். ஒரு கிலோ பைகளாக அடைத்து, தட்டையாகப் படுக்க வைத்து, பைக்குப் பை இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பையில் கால் பாகம் காலியாக இருக்கட்டும். எத்தனை பை இப்படி அடங்குகிறதோ, அன்றைக்கு அவ்வளவுதான் அரைக்க வேண்டும்.

உளுந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். கல் சூடானால் உளுந்து பொங்காது. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசி 4, 5 மணி நேரம் ஊறி, மெல்லிய ரவைப் பதத்தில் இறங்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீர்தான்.

பாலாற்றங்கரை:
கணக்குக்கு வருகிறேன். அரிசி 180, உளுந்து 140, வெந்தயம், உப்பு 10: மொத்தம் 330. கல்லில் ஒட்டுவது போக சுமார் பத்தரை கிலோ மாவு கிடைக்கும். கிலோ 31 ரூபாய் சொச்சம். பை, ஸ்டிக்கர் 4, கரண்ட், தண்ணீர் 2, பெட்ரோல், சேதாரம் 3 என்று வையுங்கள், 40 தாண்டிவிடும். கடைக்கு 45க்குக் கொடுத்தால் நாளெல்லாம் உழைத்து 10 கிலோவுக்கு 45 ரூபாய்தான் மிஞ்சும். கடைக்காரர் ஒரு பையைத் திருப்பினால் ஒன்பது பை லாபம் போச்சு.

அதனால் இப்போதைக்குக் கடை வேண்டாம். உங்கள் தெரு, பக்கத்து அடுக்குமாடி, ஷிஃப்ட்டில் வேலைக்குப் போகிறவர்கள் வீடு என்று நேரடியாக 60க்குக் கொடுங்கள். முந்தின நாள் மாலையே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, அந்த அளவு மட்டும் ஊறப்போடுங்கள். அரை கிலோ பையும் வேண்டும், இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அதுதான் போகும்.

காட்பாடிவாசி:
ரொம்ப நன்றிங்க. கிரைண்டர் தாங்குமா? சீக்கிரம் பொங்க சோடா மாவு போடலாமா?

ஆற்காட்டுக் கிச்சிலி:
சோடா வேண்டவே வேண்டாம், மறுநாள் தோசை சிவந்து கசப்புத் தட்டும். 2 லிட்டர் கிரைண்டரில் 10 கிலோ மாவுக்கு ஆறு ஈடாவது போட வேண்டும். ஈட்டுக்கு ஈடு அரை மணி ஓய்வு கொடுக்காவிட்டால் மோட்டார் சுட்டுவிடும். முதல் மாதம் 5 கிலோவோடு நிறுத்துங்கள். ஆர்டர் நிலையானதும் 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுக்கிற வகை) வாங்கலாம். அதற்கு மத்திய அரசின் சிறுதொழில் கடனான முத்ராவில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை உண்டு.

குடியாத்தம் நண்பர்:
விற்கத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். சிறு வியாபாரத்துக்குப் பதிவே போதும், ஆன்லைனில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் (FoSCoS) தளத்தில் போடலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையில் அச்சிட வேண்டும். அதோடு சேர்மானம், நிகர எடை, அரைத்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, முகவரி, சைவப் பச்சைக் குறி எல்லாம் இருக்க வேண்டும். தேதியைப் பேனாவால் எழுதாதீர்கள், ஃப்ரிட்ஜ் ஈரத்தில் அழிந்துவிடும். பிளாஸ்டிக் கேரி பேக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. உணவுத் தரப் பைதான் வாங்க வேண்டும்.

தராசுக்கு அரசு முத்திரை போட்டிருக்கிறதா பாருங்கள். சமையலறைச் சின்னத் தராசு வியாபாரத்துக்கு ஆகாது.