"முடிச்சிடுவேன்னு நம்பிக்கை இருக்கு": இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வரைபடக்காரி (லீட்ஸ்)

வணக்கம். ஊர் கோயம்புத்தூர். லீட்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தில் டீட்டெய்லராக இருக்கிறேன். இரும்புப் படிக்கட்டு, கைப்பிடி, மேடை இதற்கெல்லாம் பட்டறைக்குப் போகிற ஷாப் டிராயிங் போடுவதுதான் வேலை. வந்து பதினோரு மாதம் ஆகிறது.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடப் படிக்கட்டு வேலை. மொத்தம் 46 ஷீட். புதன்கிழமை மதியத்துக்குள் 40 முடித்துவிட்டேன். மீதி ஆறும் லேண்டிங்கில், அதாவது படிகளுக்கு நடுவே வரும் மேடையில், இரும்புகள் சேரும் கனெக்‌ஷன்கள். கணினியில் மாடல் தயார், அளவு போடுவதுதான் பாக்கி. மேனேஜர் என் மேசைக்கு வந்து, வெள்ளிக்கிழமை பட்டறைக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். மனதில் ஓடியது "முடிச்சிடுவேன்னு நம்பிக்கை இருக்கு". வாயில் வந்தது "ஐ ஹோப் ஸோ".

"ரைட்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் ஆறில் நாலு ஷீட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆள் ஒரு பிளேட்டில் போல்ட் துளைகளின் இடைவெளியை மாற்றிப் போட்டுவிட, வெள்ளி சாயங்காலம் நானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். வேலை கைமாறியதுகூடப் பரவாயில்லை. இவளால் முடியாது என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

தன் திறமை மேல் இருக்கும் நம்பிக்கையை இவர்கள் எப்படித்தான் சொல்கிறார்கள்? "யெஸ், ஐ கேன்" என்று பட்டென்று சொன்னால் தலைக்கனம் போலத் தெரியாதா? "ஐ ஆம் கான்ஃபிடன்ட்" என்று எங்கள் ஆபீசில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார் (தஞ்சாவூர்)

அம்மா, 31 வருஷம் மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவன் நான். இந்தப் பள்ளம் நாங்கள் வெட்டியது. ஹோப் என்றால் நம்பிக்கை, கான்ஃபிடன்ஸ் என்றால் நம்பிக்கை, ட்ரஸ்ட் என்றாலும் நம்பிக்கை. மூன்றுக்கும் ஒரே சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம், பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்தார்கள்.

ஆங்கிலத்தில் ஹோப் என்பது நம் கையில் இல்லாத காரியத்துக்கு. மழை பெய்யக் கூடாது, விசா வர வேண்டும், ரயில் நேரத்துக்கு வர வேண்டும். பரீட்சை எழுதிவிட்டு வந்து "ஐ ஹோப் ஐ ஹாவ் பாஸ்ட்" என்றால் சரி, தாள் இனி திருத்துகிறவர் கையில். ஆனால் நம் கையால் செய்து முடிக்க வேண்டிய வேலையைப் பற்றிக் கேட்கும்போது "ஐ ஹோப் ஸோ" என்று மட்டும் சொன்னால், இவளுக்கே சந்தேகம் போலிருக்கிறது என்று கேட்பவருக்குப் படும். உங்கள் மேனேஜர் காதில் விழுந்தது அதுதான். உங்கள் திறமையை அவர் குறைவாக எடை போட்டார் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் தேடுகிற வாக்கியம் "ஐ ஷுட் பி ஏபிள் டு". ஷுட் என்றாலே புத்திமதி என்றுதான் நாம் படித்தோம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிற மாதிரி. இங்கே அது கணிப்பு. இப்போது கையில் இருக்கும் கணக்குப்படி முடியும், புதிதாக ஏதும் குறுக்கே வராத வரைக்கும். தமிழில் இதற்கு அச்சான சொல் உண்டு: "முடிச்சிடலாம் சார்". அதில் "நான்" என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? பெருமை அடிக்காமல் உறுதி கொடுக்கிறோம். அந்த "லாம்" செய்கிற வேலையை அங்கே "ஷுட்" செய்கிறது. "நம்பிக்கை இருக்கு" என்பதை மொழிபெயர்க்காதீர்கள், "முடிச்சிடலாம்" என்பதை மொழிபெயருங்கள்.

கான்ஃபிடன்ட் தப்பில்லை, ஆனால் கொஞ்சம் கோட்டு போட்ட சொல். விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் வரும். திறமை மேல் என்றால் பின்னால் "இன்", வெற்றி மேல் என்றால் "ஆஃப்", முழு வாக்கியம் தொடர்ந்தால் "தட்". இன்னொன்று, "ஐ விஷ் ஐ குட்" என்று தவறியும் சொல்லிவிடாதீர்கள். ஆசைதான், என்னால் ஆகாது என்று அர்த்தம். ஹோப்ஃபுலியும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இலக்கணக்காரர்கள் வெகுகாலம் அதோடு மல்லுக்கட்டினார்கள், 2012-இல் ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதுவும் ஹோப்பின் பிள்ளைதான், உங்கள் வெள்ளிக்கிழமைக்கு உதவாது.

பிரிஸ்டல் மெக்கானிக்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் விமான என்ஜின் பராமரிப்பில் இருக்கிறேன், என் பங்குக்கு ஒன்று. தங்கச்சி, உங்கள் ஆபீசில் "ஹாப்பி" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் "ஆர் யூ ஹாப்பி டு சைன் இட்?" என்பார். சந்தோஷமா என்று விசாரிக்கவில்லை. உன் வேலை மேல் உனக்கு உறுதி இருக்கிறதா, கையெழுத்துப் போடுவாயா என்று கேட்கிறார். "யெப், ஹாப்பி வித் தட்" என்றால் என் பெயரும் பொறுப்பும் அதில் விழுந்துவிட்டது. முதல் வருஷம் இது புரியாமல் நான் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பேன், அவர் மறுபடி எல்லாவற்றையும் தானே சோதிப்பார்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. 1982 ஜூன் 24 இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று ஜாவா தீவுக்குத் தெற்கே எரிமலைச் சாம்பலுக்குள் மாட்டிக்கொண்டது. நாலு என்ஜினும் அணைந்துவிட்டன. உள்ளே 263 பேர். கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்துப் பேசினார்: சின்னப் பிரச்சினை, நாலு என்ஜினும் நின்றுவிட்டன, அவற்றை ஓட வைக்க எங்களால் ஆன மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் ரொம்பக் கலங்கிப்போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கடைசியில் வரும் "நம்புகிறேன்" அவர் வாயில் "ஐ ட்ரஸ்ட்". அதுவும் பயணிகளைப் பற்றி. தன் வேலையைப் பற்றிப் பேசும்போது ஹோப்பும் இல்லை, கான்ஃபிடன்டும் இல்லை. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது மட்டும். சாம்பலை விட்டுக் கீழே இறங்கியதும் என்ஜின்கள் மறுபடி பற்றிக்கொண்டன, ஜகார்த்தாவில் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். எங்கள் ஹேங்கரில் நல்ல மெக்கானிக்குகள் பேசுவதும் இந்தத் தினுசில்தான் இருக்கும்.

ஹூஸ்டன்காரன்

அக்கா, இது ஊருக்கு ஊர் மாறும். இங்கே டெக்சஸில் "ஷுட் பி ஏபிள் டு" என்றால்கூடச் சில சமயம் மெதுவாகத்தான் காதில் விழுகிறது. "ஐ வில் ஹாவ் இட் டன்" என்று நேராகச் சொல்வதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், அதைத் தலைக்கனமாக யாரும் எடுப்பதில்லை. "ஐ காட் திஸ்" என்பது தினசரிப் பேச்சு.

ஆனாலும் வெறும் சொல்லை நம்பக் கூடாது என்பதற்கு 1961-இல் நடந்தது ஒன்று உண்டு. காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, அமெரிக்கா பயிற்சி கொடுத்த கியூபா அகதிகள் கியூபாவின் பே ஆஃப் பிக்ஸ் கடற்கரையில் தரையிறங்கினார்கள். அதற்கு முன்னால் அமெரிக்க முப்படைத் தளபதிகள் அதிபர் கென்னடிக்குக் கொடுத்த மதிப்பீட்டில், திட்டம் வெற்றி பெற "ஃபேர் சான்ஸ்" இருக்கிறது என்று எழுதினார்கள். எழுதிய அதிகாரி மனதில் வைத்தது பத்துக்கு மூன்று. படித்தவர்களுக்கு அது நல்ல வாய்ப்பாகத் தெரிந்தது. மூன்றே நாளில் எல்லாம் தோல்வியில் முடிந்து, இறங்கியவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். அதனால் நான் எப்போதும் கூடவே ஒரு எண் சேர்த்துவிடுவேன். நீங்களும் "46-இல் 40 முடிந்தது" என்று முதலிலேயே சொல்லியிருந்தால், பின்னால் எந்தச் சொல் வந்திருந்தாலும் அவர் ஷீட்டை எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வரைபடக்காரி (லீட்ஸ்)

ஐயா, அண்ணா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. திங்கட்கிழமை அடுத்த வேலை வந்தது, கைப்பிடி, 18 ஷீட். வியாழக்கிழமைக்குள் ஆகுமா என்று மேனேஜர் கேட்டார். "ஐ ஷுட் பி ஏபிள் டு, பத்து ஷீட் மாடலில் தயார்" என்றேன் ஆங்கிலத்தில். போய்விடுவார் என்று நினைத்தேன். நின்று, எது தடையாக வரலாம் என்று கேட்டார். "ஐ ஹோப் ஸோ" சொன்ன அன்றைக்கு இந்தக் கேள்வியே வரவில்லை.

கைப்பிடிக் குழாய்கள் துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசும் கால்வனைசிங் தொட்டிக்குப் போகிறவை, காற்றுத் துளை எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தப் பூச்சு வேலைக்காரர்களிடமிருந்து பதில் வரவில்லை, அது ஒன்றுதான் என்றேன். என் மேசையிலிருந்தே போனை எடுத்துப் பேசினார். 12 என்றார்கள், அங்கேயே எழுதிக்கொண்டேன். வியாழன் நாலு மணிக்குப் பதினெட்டும் பட்டறைக்குப் போய்விட்டன. அனுப்பும் முன் "ஹாப்பி வித் தீஸ்?" என்று கேட்டார். "யெஸ், ஹாப்பி" என்று சொல்லி, சரிபார்த்தவர் கட்டத்தில் என் இனிஷியலைப் போட்டேன்.