உபுண்டு மாற்றின பிறகு உறுப்பினர் இலக்கம் தேடினால் வரவில்லை, பட்டியலில் மட்டும் இருக்கு (போஸ்ட்கிரெஸ் 14)

பரந்தன்சந்தி:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவும் நெல் கொள்வனவுப் பற்றுச்சீட்டும் போஸ்ட்கிரெஸ் 14 எண்ட தரவுத்தளத்தில் கிடக்கு. பழைய பெட்டியின் ஓ.எஸ். உபுண்டு 18.04, புதியது 22.04. சேர்வரை நிற்பாட்டி, டேட்டா டிரெக்டரியை அப்பிடியே கொப்பி பண்ணிப் புதியதில் வைத்தது. ஒரு பிழையும் காட்டாமல் எழும்பிற்று.

இப்ப இரண்டு கோளாறு. உறுப்பினர் இலக்கம் 3-47 மாதிரி, முன்னுக்குக் கிளை, பின்னுக்கு இலக்கம். சில இலக்கங்களைத் தேடினால் ஒன்றும் வராது, முழுப் பட்டியலையும் எடுத்தால் அந்த ஆள் இருக்கிறார். அதே இலக்கத்தைத் திரும்பப் பதிந்தால் யுனீக் (ஒரே இலக்கம் இருமுறை வரக்கூடாது எண்ட கட்டுப்பாடு) போட்டிருந்தும் ஏற்றுக்கொள்ளுது. இரண்டாவது, ‘கோபால்’ எண்டு தேடினால் எல்லாக் கோபாலும் வருகினம் இல்லை. மல்லாவிக் கிளையின் பழைய பாமினி (யுனிகோட் இல்லாத எழுத்துரு) பட்டியலை யுனிகோட்டுக்கு மாற்றி ஏற்றினதும் இதே கிழமைதான். இடையில் கரண்ட் நிண்டு பெட்டி பொத்தென்று விழுந்ததும் உண்டு. காலபோக நெல் வர முதல் சரிப்படுத்த வேணும்.

வெட்டைவெளி:
கரண்ட் நிண்டதுதான் காரணமாயிருக்கும். ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ் (இன்டெக்ஸ் எண்ட தேடல் அட்டவணைகளைத் திரும்பக் கட்டுற கட்டளை) ஒருக்கா ஓட்டிவிடுங்கோ, சரியாகிவிடும்.

குளக்கட்டு:
பொறுங்கோ. இப்ப ரீஇன்டெக்ஸ் போட்டால் அந்த யுனீக் இன்டெக்ஸில் ‘இரட்டைச் சாவி இருக்கு’ எண்டு சொல்லி நிண்டுவிடும். இரட்டைப் பதிவு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

கரண்டும் இல்லை. எஃப்சிங்க் (எழுதினதை டிஸ்க்கில் உறுதியாய்ச் சேர்க்கிற அமைப்பு) ஓனாக இருந்தால், விழுந்த போஸ்ட்கிரெஸ் எழும்பும்போது வால் எண்ட மாற்றப் பதிவுக் கோப்பைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ‘ஷோ எஃப்சிங்க்’ அடித்து ஓன் எண்டு வருதோ பாருங்கோ. வேகம் வேணும் எண்டு ஆராவது ஓஃப் பண்ணியிருந்தால் அது வேற கதை.

உங்கட நோய் ஜீலிப்சி. அது ஓ.எஸ்.ஸின் அடிப்படை நூலகம், போஸ்ட்கிரெஸ் எழுத்து வரிசையை அதிடம்தான் கேட்கும். உபுண்டு 18.04இல் ஜீலிப்சி 2.27, 22.04இல் 2.35. நடுவில், 2018 ஓகஸ்ட்டில் வந்த 2.28 எழுத்து வரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றிவிட்டது. பழைய விதி சிறு கோட்டை முதற் சுற்றில் கணக்கெடுக்காது, அதனால் 3-47 போய் 347க்குப் பக்கத்தில் நிற்கும். புதிய விதி கோட்டையும் ஓர் எழுத்தாக எண்ணும். உங்கட இன்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கினது, தேடுகிறது புதிய வரிசையில். இடம் பிழைத்த கிளையில் இறங்கித் தேடிவிட்டு ‘இல்லை’ எண்டு திரும்பி வருது. யுனீக் சோதனையும் அதே மரத்தில்தான் தேடும், அதனால்தான் இரட்டைப் பதிவை விட்டுவிட்டது. முழுப் பட்டியல் இன்டெக்ஸ் வழியாகப் போகாமல் மேசையை நேரே படிக்கிறதால் அங்கே ஆள் இருக்கிறார்.

சோதிக்க: 1-1, 11 ஆகிய இரண்டு சொல்லையும் எழுத்தாக வைத்து ஓடர் பை போட்டு எடுங்கோ. பழைய பெட்டியில் 11 முன்னுக்கு வரும், புதியதில் 1-1 முன்னுக்கு வரும். பிசீக்வலில் பின்சாய்கோடு எல் அடித்தால் கொலேற் (எழுத்து வரிசை விதி) எண்ட நிரல் தெரியும். அதில் இஎன்_யூஎஸ் மாதிரி ஏதாவது இருந்தால் நான் சொன்னதுதான். வெறும் சி (பைட் வரிசை) எண்டு இருந்தால் நான் சொன்னது பொருந்தாது.

14 இதுபற்றி வாயே திறக்காது. டேட்டாபேஸின் கொலேசன் பதிப்பைக் குறித்துவைத்து, இணைக்கும்போது எச்சரிக்கிற வசதி 15இல்தான் வந்தது.

இனிச் செய்யவேண்டியது. முதலில் பதிவு வேலையை நிற்பாட்டுங்கோ, ஒவ்வொரு புதுப் பதிவும் சிக்கலைக் கூட்டும். சேர்வரை நிற்பாட்டி டிரெக்டரியின் ஒரு பிரதியை வேற டிஸ்க்கில் எடுங்கோ, பிறகு எழுப்பி பிஜி_டம்ப்பும் (தரவு ஏற்றுமதி) எடுங்கோ. இரண்டும் வேணும். அடுத்து பிஜி_அம்செக்கை ஹீப்ஆல்இன்டெக்ஸ்ட், இன்ஸ்டோல்-மிஸ்ஸிங் இரண்டு தெரிவோடும் ஓட்டுங்கோ. அது 14இலிருந்து கூடவே வருகிற கருவி. எந்த இன்டெக்ஸ் கெட்டது எண்டு பெயரோட சொல்லும். இரட்டைச் சாவியை மட்டும் சொல்லாது, யுனீக் சோதனைத் தெரிவு அதில் 17இல்தான் சேர்ந்தது.

இரட்டையை நீங்களே பிடிக்க வேணும். அந்த செஷனில் எனேபிள்_இன்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள்_இன்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், எனேபிள்_பிட்மாப்ஸ்கேன் மூன்றையும் ஓஃப் பண்ணிவிட்டு, இலக்கத்தால் குரூப் பை, கவுண்ட் ஒன்றுக்கு மேல் எண்டு ஹேவிங் போடுங்கோ. ஓஃப் பண்ணாமல் தேடினால் கெட்ட இன்டெக்ஸிடமே கேட்டதாகிவிடும். ஒருதரம் எக்ஸ்பிளெயின் போட்டு சீக்வென்ஷியல் ஸ்கேன் எண்டு வருதோ எண்டும் பாருங்கோ.

பற்றுச்சீட்டு மேசை உறுப்பினரை எதால் பிடிக்குது? முழு எண் ஐடியா, 3-47 எண்ட இலக்கமா?

பரந்தன்சந்தி:
முழு எண் ஐடி. எஃப்சிங்க் ஓன். கொலேற் இஎன்_யூஎஸ்தான், 1-1 முன்னுக்கு வருது. அம்செக் இரண்டு இன்டெக்ஸில் ‘வரிசை விதி மீறப்பட்டிருக்கு’ எண்ட கருத்தில் பிழை சொல்லுது: உறுப்பினர் இலக்கம், பெயர். இரட்டை இலக்கங்களும் பிடிபட்டன.

குளக்கட்டு:
முழு எண்ணாயிருக்கிறது நல்லது. எண், திகதி இன்டெக்ஸுகளுக்கு ஜீலிப்சியோடு ஒரு தொடர்பும் இல்லை, அவை கெடவில்லை. பிகின் போட்டுக்கொண்டு, இரட்டையில் பிந்தின ஐடியின் பற்றுச்சீட்டுகளை முந்தின ஐடிக்கு அப்டேற் பண்ணுங்கோ. பிறகு பிந்தின வரியை ஐடியால் அழியுங்கோ. இலக்கத்தால் அழிக்காதேயுங்கோ, இரண்டும் போய்விடும். எண்ணிக்கை சரியெண்டால் கொமிற், இல்லாட்டி ரோல்பாக்.

அதுக்குப் பிறகு அதே டேட்டாபேஸில் நிண்டு ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ். உறுப்பினர் பதிவளவு மேசைக்கு அதிக நேரம் எடுக்காது. கொன்கரன்ட்லி (பதிவு வேலையை நிற்பாட்டாமல் கட்டுற தெரிவு) போடத் தேவையில்லை. போடத்தான் வேணும் எண்டால் முதலில் ஷோ சேர்வர்_வேர்ஷன் பாருங்கோ: 14.0 முதல் 14.3 வரை ரீஇன்டெக்ஸ் கொன்கரன்ட்லியே இன்டெக்ஸைக் கெடுக்கக்கூடிய ஒரு பிழை இருந்தது, 2022 ஜூனில் 14.4இல் திருத்தினவை. முடிந்ததும் அம்செக்கை இன்னொருக்கா ஓட்டி, ஒன்றும் சொல்லாமல் முடிகிறதைப் பாருங்கோ.

இலக்க நிரலை கொலேற் சி ஆக்கிவிட்டால் இனி ஓ.எஸ். மாறினாலும் அந்த நிரல் அசையாது. ஓல்டர் டேபிளில் நிரலின் வகையை டெக்ஸ்ட் கொலேற் சி எண்டு மாற்றினால் இன்டெக்ஸும் அதோடு திரும்பக் கட்டப்படும். பெயருக்கு சி போடாதேயுங்கோ. யுனிகோட் இலக்கப்படி ரவுக்கு அடுத்து ற, நவுக்கு அடுத்து ன, சவுக்கும் ஞவுக்கும் நடுவில் ஜ நிற்கும், அச்சடிச்ச பட்டியலைப் பார்த்த தலைவர் உங்களைத்தான் பேசுவார். பெயரைத் தமிழ் வரிசையில் எடுக்க ஐசியூ எண்ட மொழி நூலகத்தின் டிஏ-எக்ஸ்-ஐசியூ கொலேசன் இருக்கு. ஐசியூவும் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆனால் அது மாறினதை போஸ்ட்கிரெஸ் 10இலிருந்தே எச்சரிக்கும்.

முறிகண்டி:
கோபால் விஷயம் இதோடு சேர்ந்தது இல்லை. ரீஇன்டெக்ஸ் முடிந்தும் அப்பிடியேதான் இருக்கும், அது பாமினி மாற்றியின் வேலை.

‘கோ’வை யுனிகோட்டில் இரண்டு விதமாய் எழுதலாம். க, அதோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது க, இரட்டைக் கொம்பு, அரவு எண்டு தனித்தனி. பாமினியில் கொம்பும் அரவும் தனித்தனிச் சாவி, அதால் கவனமில்லாத மாற்றி அப்பிடியே கொட்டிவிடும். கண்ணுக்கு ஒன்று, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வேறு, ஏனெண்டால் அது பைட் பைட்டாய்த்தான் ஒப்பிடும். லைக் போட்டாலும் தப்பாது. லெங்த், ஒக்டெற்_லெங்த் இரண்டையும் எடுத்துப் பாருங்கோ: சரியான கோபால் 6 குறி, 18 பைட். உடைந்த கோபால் 7 குறி, 21 பைட்.

13இலிருந்து நோர்மலைஸ் எண்ட செயற்பாடு உண்டு, உடைந்த குறிகளை ஒன்றாக்கும். அந்த ஒன்றான வடிவத்துக்குப் பெயர் என்எஃப்சி. ‘இஸ் நொட் என்எஃப்சி நோர்மலைஸ்ட்’ எண்ட நிபந்தனையில் வருகிற வரிகளை மட்டும் நோர்மலைஸ் பண்ணி அப்டேற் போடுங்கோ. பிறகு நிரலில் ‘இஸ் என்எஃப்சி நோர்மலைஸ்ட்’ எண்டு செக் கட்டுப்பாடு ஒன்று. இனி உடைந்தது உள்ளே வராது. டேட்டாபேஸ் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேணும்.

பரந்தன்சந்தி:
முறிகண்டி அக்கா, இரட்டை நீக்கி ரீஇன்டெக்ஸும் முடிஞ்சுது. கோபால்மார் எல்லாரும் வந்திட்டினம். ஆனால் கௌரியும் ஸ்ரீதரனும் இன்னும் அரைவாசிதான் வருகினம்.

முறிகண்டி:
அவை இரண்டும் என்எஃப்சி தொடாத இடம். கௌரி 4 குறி, 12 பைட். ளகரத்தை வைத்து அடிச்ச கெளரி 5 குறி, 15 பைட். அதை எழுத்துப்பிழையாய்த்தான் பார்க்க வேணும். ஒட்டுமொத்த ரிப்ளேஸ் போடாதேயுங்கோ, கெளிறு மாதிரி உண்மையான ‘கெளி’ இருக்கிற சொல்லும் கெட்டுப்போகும். பட்டியல் எடுத்துக் கண்ணால் பாருங்கோ.

ஸ்ரீயின் கள்ளம் இன்னும் பெரிது, நீளம் இரண்டிலும் ஒன்றுதான். முதலெழுத்து ஸவாகவும் இருக்கலாம், ஶவாகவும் இருக்கலாம். பெயர் ஸ்ரீயில் தொடங்கினால் அஸ்கி() போட்டுப் பாருங்கோ: ஸ 3000, ஶ 2998. ஒன்றைத் தீர்மானித்து மற்றதை ரிப்ளேஸ் பண்ணுங்கோ, இதில் ஆபத்தில்லை. அப்பிடியே யுனிகோட் 200சி எண்ட கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்பானையும் தேடி எடுத்துவிடுங்கோ, பழைய மாற்றிகள் அதையும் விட்டுவைக்கும்.

மல்லாவிப் பட்டியலில் ஏற்கெனவே பதிந்த ஆள் திரும்ப வந்திருக்கோ எண்டு பெயரை வைத்து முடிவெடுக்காதேயுங்கோ. அடையாள அட்டையால் பாருங்கோ. பழைய 9 இலக்கத்துக்கு முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய 12 இலக்கம். 851234567வி எண்டது 198512304567 ஆகும்.

வெட்டைவெளி:
ரீஇன்டெக்ஸ் எண்டு சும்மா சொல்லிவிட்டன். இன்னொரு கேள்வி: இஞ்ச புதுக்குடியிருப்பில் பழைய 18.04 பெட்டியை ஸ்ராண்ட்பையாக விட்டு, 22.04ஐ முதன்மையாக வைக்கிற எண்ணம். ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேசன் (முதன்மையின் மாற்றங்களை அப்பிடியே மற்றப் பெட்டிக்கு அனுப்புறது).

குளக்கட்டு:
வேண்டாம் தம்பி. ஸ்ட்ரீமிங்கில் இன்டெக்ஸின் பக்கங்களும் அப்பிடியே போகும். 2.35இல் அடுக்கினதை 2.27 படிக்கும், பரந்தன்சந்தியின் கதை தலைகீழாய் நடக்கும். இரண்டு பெட்டியிலும் ஒரே ஓ.எஸ். பதிப்பைப் போடுங்கோ. முடியாட்டி லொஜிக்கல் ரெப்ளிகேசன், அதில் வரிகள் மட்டும்தான் போகும், இன்டெக்ஸை அந்தந்தப் பெட்டி தானே கட்டும். ஒவ்வொரு மேசைக்கும் பிரைமரி கீ இருக்க வேணும், சீக்வென்ஸ் எண்கள் போகாது, மேசையின் அமைப்பை மாற்றினால் இரண்டு பக்கமும் கையால் மாற்ற வேணும்.

14க்கு ஆதரவு 2026 நவம்பரில் முடியுது, எப்பிடியும் மாறத்தான் வேணும். மாறும்போது டிரெக்டரியைக் கொப்பி பண்ணாமல் பிஜி_டம்ப் எடுத்து 18இல் ரீஸ்டோர் பண்ணுங்கோ, இன்டெக்ஸ் எல்லாம் அந்தப் பெட்டியின் வரிசையிலேயே புதிதாய்க் கட்டப்படும். 18இல் புதிதாய் இனிட்டிபி பண்ணும்போது டேட்டா செக்சம் (டிஸ்க்கில் தரவு கெட்டதைப் பிடிக்கிற சோதனை) தானாகவே ஓன். அதுவரைக்கும் 14இல் வேணும் எண்டால் சேர்வரை நிற்பாட்டி பிஜி_செக்சம்ஸ் இனேபிள் தெரிவோடு ஓட்டுங்கோ. ஓடி முடியுமட்டும் கரண்ட் நிற்காத நேரமாய்ப் பாருங்கோ.