கரட்டின் மேல் ஹாம் ரேடியோ: புதுப்பிப்பு

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) போட்டால் வீட்டில் 14 மெகாஹெர்ட்ஸில் எஸ்9 இரைச்சல் (எஸ் என்பது மீட்டர் காட்டும் பல அளவு, 9 என்றால் பலமானது), ஊர்க் கரட்டின் மேல் போனால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பக்கமிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) 3-க்குக் கீழே இறங்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். ஆன்டெனாவில் குறை இல்லை. ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் கனெக்டரில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போயிருந்தது. கேபிளை ஆட்டினால் மீட்டர் முள் துள்ளியது. பற்றவைத்ததும் 1.4!

அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம், தூண்டில் கம்பில் 10 மீட்டர் கம்பியைச் சரிவாகக் கட்டி, 5 வாட்டில் கூப்பிட்டேன். இரைச்சல் எஸ்1கூட இல்லை. இரண்டாவது அழைப்பிலேயே இத்தாலியிலிருந்து பதில். இருட்டியதும் கம்பியை 20 மீட்டராக நீட்டி 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினேன். பகலில் அலையை விழுங்கும் டி அடுக்கு (மேல் வளிமண்டலத்தில் வெயிலால் உருவாகும் மின்னேற்ற அடுக்கு) அப்போது கரைந்துவிடும். தூரத்துக் குரல்கள் வரிசைகட்டின.

பேட்டரி தீரவில்லை, கொசுதான் கீழே விரட்டியது. டார்ச்சை மறந்துவிட்டு மொபைல் வெளிச்சத்தில் பாறை பாறையாக இறங்கினேன்.