மாதிரி விமானக் கழகங்களில் ட்ரோன்களுக்கு இடம் கொடுக்கலாமா?

பால்சா இறக்கை:
தரையிலிருந்து வானொலி அலைகளால் இயக்கும் சிறு விமானங்களைப் பறக்கவிடும் மாதிரி விமானக் கழகங்களில் உறுப்பினர்கள் குறைந்துவருவதால், அவற்றில் பல ட்ரோன் வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. நான் இதை எதிர்க்கிறேன். பிரிட்டனின் மாதிரி விமான அமைப்பு 1922இலும், அமெரிக்காவில் அதே போன்ற அமைப்பான ஏஎம்ஏ 1936இலும் தோன்றின. எங்கே நிற்க வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டிப் பறக்கக் கூடாது, புதியவருக்கு யார் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பல தலைமுறைகளாகக் கழகங்களே தீர்மானித்து வந்தன. அந்த ஒழுங்கை மதித்துத்தான் 2012ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் 336ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. இத்தகைய அமைப்புகளின் பாதுகாப்பு நெறிகளுக்கு உட்பட்டுப் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ புதிய விதிகளை இயற்றக் கூடாது என்று அது சொன்னது. 2018இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் எங்கள் விமானங்கள் மாறவில்லை. பெட்டியைப் பிரித்த அன்றே, எந்தக் கழகத்தின் வாசலையும் மிதிக்காமல், எவரும் பறக்கவிடக்கூடிய கேமரா ட்ரோன்கள் சந்தைக்கு வந்தன. அவர்களால் வந்த கட்டுப்பாடுகளை நாங்கள் சுமக்கிறோம். இப்போது எங்கள் மைதானத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட வேண்டுமாம்.

நான்கு விசிறி:
வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 336ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் வணிக ட்ரோன் தொழில்துறையினர். பொருள் விநியோகத்துக்கும் ஆய்வுப் பணிக்கும் 400 அடிக்குக் கீழான வான்வெளி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அங்கே அடையாளம் தெரியாத எதுவும் பறப்பதை அவர்கள் விரும்பவில்லை. விடுமுறை நாளில் ஒரு ட்ரோனைப் பறக்கவிடும் பொழுதுபோக்காளருக்கு அந்த நீக்கத்தால் எந்த ஆதாயமும் இல்லை. உங்களுக்கு வந்த பதிவுக் கட்டாயமும் தேர்வும் உயர வரம்பும் அவருக்கும் வந்தன. 250 கிராமுக்கு மேற்பட்ட எதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு விதியை, 336ஆம் பிரிவைக் காட்டியே 2017 மே மாதத்தில் நீதிமன்றத்தில் வீழ்த்தியவர் தனிப்பட்ட ஒரு பொழுதுபோக்காளர். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தின் வழியாக அதை மீட்டுக்கொண்டது என்பது வேறு கதை.

இன்னொன்றையும் கேட்கிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே பறப்பது குற்றமென்றால், சாய்வை உணர்ந்து திருத்தும் கைரோ கருவியின் உதவியோடு தானே சமநிலைக்குத் திரும்பும் நுரை விமானங்களை உங்கள் ஓடுபாதையில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? மாறாக, எஃப்பிவி பந்தயத்துக்கு, அதாவது ட்ரோனின் கேமரா காட்டும் படத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி பறக்கும் பந்தயத்துக்கு வரும் இளைஞர் மோட்டார்களைத் தானே சாலிடர் செய்து, கட்டுப்பாட்டுப் பலகையைத் தானே அமைத்து, ட்ரோனின் உடைந்த கையை மாலைக்குள் மாற்றிவிட்டு மீண்டும் பறக்கிறார். கைவினைப் பெருமை, நீங்கள் விமானம் கட்டும் எடை குறைந்த பால்சா மரத்துக்கு மட்டும் உரியதன்று.

வெப்பக்காற்று:
நான் கிளைடர், அதாவது காற்றில் மிதந்து பறக்கும் விமானம், பறக்கவிடுபவன். இதில் என் தரப்பு பால்சா இறக்கையின் பக்கம்தான் இருக்கிறது. மேலெழும் வெப்பக்காற்றைத் தேடிப் பிடித்து ஏறுவதே எங்கள் விளையாட்டின் உயிர். 400 அடியில் நிறுத்து என்று சொல்வது, நீச்சல்காரரிடம் முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே நீந்து என்று சொல்வதைப் போன்றது. பிரிட்டனில் இந்த வேறுபாட்டை அதிகாரிகளே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே மாதிரி விமான அமைப்புகளுக்கு வழங்கப்பட்டிருக்கும் அனுமதியின்படி, 7.5 கிலோவுக்குக் குறைவான விமானங்களும் கிளைடர்களும் நிபந்தனைகளுடன் 400 அடிக்கு மேலும் பறக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சுழலிகளால் எழும்பும் கருவிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. காரணம் எளிது. விரலை எடுத்தாலும் கிளைடர் விழுந்துவிடாது என்றாலும், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்காவிட்டால் கையாள முடியாது. கேமரா ட்ரோனோ கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் ஜிபிஎஸ் துணையால் அசையாமல் நிற்கும். ஆகவே பார்வையை விட்டு அனுப்பும் ஆசை அந்தக் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. இரு தரப்பும் ஒரே பதாகையின்கீழ் நின்றால், இப்படிப்பட்ட சலுகைகளைக் கேட்டுப் பெறுவது நாளுக்கு நாள் கடினமாகும்.

விதிமுறை வாசகர்:
ரிமோட் ஐடியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இந்தச் சண்டையின் கூர்மையான முனை அதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலைகளில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 2021 ஜனவரியில் வெளியான இறுதி விதி. 2023 செப்டம்பர் 16 முதல் பறக்கவிடுபவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. தண்டனை நடவடிக்கைகள் 2024 மார்ச் 16 வரை தளர்த்தப்பட்டன. கடையில் வாங்கும் புதிய ட்ரோன்களில் இந்த வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. அவற்றின் உரிமையாளருக்குப் புதிய செலவு எதுவும் இல்லை. வீட்டில் கட்டிய விமானத்துக்கோ இரண்டே வழிகள்தான் உண்டு: தனியாக ஓர் ஒலிபரப்புக் கருவியை வாங்கிப் பொருத்த வேண்டும், அல்லது எஃப்ஏஏ அங்கீகரித்த குறிப்பிட்ட மைதானத்துக்குள் மட்டும் பறக்கவிட வேண்டும். பால்சா இறக்கையின் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் அவர் சொல்லும் தீர்வுக்கு நேர்மாறான பாடமும் இதே விதியின் வரலாற்றில் இருக்கிறது. 2019 டிசம்பரில் வெளியான வரைவின்படி, அத்தகைய மைதானங்களுக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே தரப்பட்டிருந்தன. அதன் பிறகு ஒரு மைதானம் கைவிட்டுப் போனால் போனதுதான், புதியது சேராது, காலப்போக்கில் எல்லாம் தேய்ந்து மறைந்திருக்கும். ஏறத்தாழ 53,000 கருத்துகள் குவிந்தன. அவற்றை எழுதியவர்களில் விமானக்காரர்களும் இருந்தார்கள், ட்ரோன்காரர்களும் இருந்தார்கள். இறுதி விதியில் அந்தக் காலவரம்பு நீங்கியது; கல்வி நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்பதும் சேர்ந்தது. பிரிந்து நின்று எழுதியிருந்தால் இதே எடை கிடைத்திருக்குமா என்பது என் ஐயம்.

பால்சா இறக்கை:
விதிமுறை வாசகர் அளித்த தகவல்களுக்கு நன்றி. ஆனால் கையெழுத்துக்குச் சேர்வது வேறு, ஓடுபாதையில் சேர்வது வேறு. 2017 செப்டம்பரில் நியூயார்க் அருகே பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் மீது மோதிய ட்ரோனைப் பறக்கவிட்டவர் ஏறத்தாழ இரண்டரை மைல் தொலைவில் இருந்தார். அந்த இடத்தில் தற்காலிகப் பறப்புத் தடை இருப்பதே அவருக்குத் தெரியாது என்று விபத்து விசாரணை சொல்லியது. 2018 டிசம்பரில் ட்ரோன் பறப்பதாக வந்த தகவல்களால் லண்டன் அருகேயுள்ள கேட்விக் விமான நிலையம் ஏறத்தாழ 33 மணி நேரம் முடங்கியது. சுமார் 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். குற்றவாளி யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது ஒரு ட்ரோன் மோதி, தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை விழுந்தது. இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் எங்கள் மைதானத்தின் உரிமையாளர் எங்களைத்தான் அழைத்து விசாரிக்கிறார். குத்தகை அவர் கையில் இருக்கிறது. ட்ரோன்காரர்களும் இங்கே பறக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

நான்கு விசிறி:
கேட்விக்கில் பறந்தது என்ன, எதுவும் பறந்ததா என்பதே நிறுவப்படாத நிலையில், அதைச் சாட்சிக்கு அழைப்பது முறையன்று. மற்ற இரண்டையும் ஏற்கிறேன். அவை என் வாதத்துக்கே வலு சேர்க்கின்றன. தடை இருப்பது தெரியாமல் பறக்கவிட்டவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அருகில் யாரும் இல்லை. கழகத்துக்குள் வந்தால் முதல் நாளிலேயே அதைக் கற்றிருப்பார். வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, வெளியே நிற்பவர்கள் ஒழுங்கற்றவர்கள் என்று சொல்கிறீர்கள்.

ஓடுபாதை ஓரம்:
ஒரு கழகத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், கொள்கையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வருகிறேன். இருவகைக் கருவிகளும் ஒரே நேரத்தில் பறப்பதுதான் உண்மையான ஆபத்து. இறக்கை விமானம் காற்றின் திசைக்கேற்ப வட்டமிட்டு, வேகத்தோடு தரைக்கு வரும். நடுவானில் அதற்கு நிற்கத் தெரியாது. ட்ரோனோ ஓடுபாதையின் நடுவே அந்தரத்தில் நின்று படமெடுக்கும். எஃப்பிவி கண்ணாடி அணிந்தவருக்குத் தன் கேமரா காட்டுவது மட்டுமே தெரியும் என்பதால், வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் பக்கத்தில் நிற்பது கட்டாயம். நேரத்தைப் பிரித்துக்கொடுத்து, இந்தத் துணையாளரையும் கண்டிப்பாக்கினால் பெரும்பாலான சிக்கல்கள் தீர்ந்துவிடுகின்றன.

பழைய உறுப்பினர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். விமானங்களை 72 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளில் இயக்கிய காலத்தில், மைதானத்துப் பலகையிலிருந்து தன் அலைவரிசைக்குரிய கிளிப்பை எடுக்காமல் யாரும் தன் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை இயக்கக் கூடாது. இயக்கினால், அதே அலைவரிசையில் பறந்துகொண்டிருக்கும் இன்னொருவரின் விமானம் தரையில் நொறுங்கும். ஒன்றையொன்று குறுக்கிடாத 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்த பிறகு அந்தப் பலகைகள் மூலையில் கிடந்தன. எஃப்பிவி பறப்பவர்களுக்கு கேமரா படத்தை அனுப்பும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் அதே தொல்லை திரும்பியிருக்கிறது: ஒருவர் தவறான அலைவரிசையில் பேட்டரியை இணைத்தால், பறந்துகொண்டிருப்பவரின் கண்ணாடியில் படம் மறைந்துவிடுகிறது. நாங்கள் பழைய பலகையைத் துடைத்து மீண்டும் மாட்டினோம். அதைப் பயன்படுத்தும் முறையை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், முதலில் அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று வாக்களித்த மூத்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வெப்பக்காற்று:
எஃப்பிவி பந்தயக்காரர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பே 2018இல் ஷென்ஜென் நகரில் அவர்களுக்கு உலகப் போட்டி நடத்தியது. என் தயக்கமெல்லாம் கேமரா ட்ரோன்களைப் பற்றியது. அவர்களுக்கு மைதானம் எதற்கு? ஒரே வயலை மூன்று முறை படமெடுத்த பிறகு அலுத்துப்போய் வேறிடம் தேடிப் போய்விடுவார்கள்.

பால்சா இறக்கை:
இதை ஒப்புக்கொள்கிறேன். நேரம் பிரித்து, துணையாளருடன் வரும் பந்தயக்காரர்களை என் கழகத்தில் எதிர்க்க மாட்டேன். கேமரா ட்ரோன்களுக்கு என் வாக்கு இல்லை. அவர்களில் யாரேனும் சேரத்தான் வேண்டுமென்றால், எங்கள் புதிய உறுப்பினர்களைப் போல, பயிற்சி விமானத்தில் பயிற்றுநரின் டிரான்ஸ்மிட்டரோடு இணைந்து பறந்து, தனியாக ஏற்றி இறக்கிக் காட்டட்டும்.

நான்கு விசிறி:
ட்ரோன் மட்டுமே பறக்கவிடப் போகிறவருக்கு இறக்கை விமானத்தில் தேர்வு எதற்கு? செயற்கைக்கோள் சமிக்ஞை அறுந்து, ட்ரோன் காற்றில் அடித்துச் செல்லப்படும்போது கைப்பட மீட்டு இறக்கத் தெரிகிறதா என்று சோதியுங்கள். அதை நானே ஆதரிக்கிறேன்.

ஓடுபாதை ஓரம்:
அந்தச் சோதனையை நாங்களும் யோசித்தோம். சிறிய கேமரா ட்ரோன்கள் பலவற்றில் ஜிபிஎஸ் உதவியை விருப்பப்படி நிறுத்தும் வசதியே இல்லை. ஆகவே கழகத்துக்கென்று பழைய, ஜிபிஎஸ் இல்லாத நான்கு விசிறிக் கருவி ஒன்றை ஒதுக்கி, எல்லோரையும் அதிலேயே சோதிக்கலாம் என்பது இப்போதைய யோசனை. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது.